சனிக்கிழமைப் பால்

போன ஞாயிறு கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு முடிந்ததும் நீங்கள் எல்லோரும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பல் இருந்தவர்கள் பல் குத்தினீர்கள், இல்லாதவர்கள் பேசினீர்கள். நம் தீவின் தெற்கில் எந்த ஊர் உசத்தி என்று பேச்சு வந்தது. ரோஸ் பெல்லா, செமின் கிரனியேயா? எந்த ஊரில் பாட்டும் கூத்தும் அதிகம், எந்த ஊரில் பொழுது சாய்ந்த பிறகும் ஆள் நடமாட்டம் இருந்தது, எந்த ஊரில் ஏழை காலூன்றிப் பிழைக்க முடிந்தது? எழுபது எண்பது வயதில், கம்பு பிடித்து நடக்கிறவர்கள், கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டீர்கள். நான் கையில் இருந்த பாயசத்தை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் உங்களில் ஒருத்தி வீட்டுக்கு வந்து, "உனக்கு என்ன அப்படி ஒரு கோபம்?" என்று கேட்டாள். கோபம் இல்லை. அருவருப்பு. அந்தப் பேச்சை ஒரு தடவை முழுசாகக் கேட்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று பார்த்தவள். அதன் பிறகு பால் என் தொண்டையில் இறங்குவதில்லை. பாயசமும் அப்படித்தான்.

நீங்கள் தீவின் பேச்சான கிரியோலில் சண்டை போட்டீர்கள், நான் தமிழில் எழுதுகிறேன். நம்மில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஆனால் நிதானித்துப் படிக்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நாங்கள் அப்போது சேன் பியேர் ஊருக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு நிலம், கற்களைப் பொறுக்கிக் குவித்துத் திருத்தியது. அந்த வருஷம் கரும்பு வெட்டு தொடங்குவதற்கு முன் எங்கள் பசு செத்துப்போனது. வயிறு உப்பிக் கிடந்து, மூன்றாம் நாள் போய்விட்டது. அப்பா அதைக் கரும்புக்கு நடுவில் புதைத்துவிட்டு வந்து, ஒரு வாரம் வெறும் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு உலகத்தில் இரண்டு வகை வீடுதான் உண்டு. பால் உள்ள வீடு, பால் இல்லாத வீடு. நாங்கள் இரண்டாவது வகைக்கு இறங்கிவிட்டோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குப் பதினேழு வயது முடிந்திருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பருவம் அது. வெட்டு தொடங்கிவிட்டால் கரும்பாலைப் புகையும் பாகு நாற்றமும் காலையில் கண் விழித்தது முதல் மூக்கில் இருக்கும். பாகு நாற்றம் இனிப்பாக இருக்கும் என்று ஊரில் இல்லாதவர்கள் நினைப்பார்கள். இரண்டாவது வாரத்தில் அது புளித்த வாந்தி போல வீசும். ஈ மொய்க்கும். அந்த நாற்றத்தோடுதான் எனக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது.

தாத்தாவின் திதிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அம்மாவின் தம்பி, செமின் கிரனியே மாமா. இன்னொருவர் அப்பாவின் தங்கை, ரோஸ் பெல் அத்தை. இரண்டு பேருக்கும் அக்காவின் மேல் உரிமை இருந்தது. இரண்டு பேருக்கும் கல்யாண வயதில் மகன் இல்லை. அதனால் தங்கள் தங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தாத்தாவுக்குப் பிண்டம் வைத்துக் கை கழுவியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க ஊர்ல ரயில் நிக்குது," என்றாள் அத்தை.

"நிக்குது, நின்னுட்டுப் போயிடுது," என்றார் மாமா. "எங்க ஊருக்கு வந்த மனுஷன் தங்குறான்."

"தங்காம என்ன செய்வான்? சூயாக் ஸ்டேஷனோட தண்டவாளம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் மாட்டு வண்டி. திரும்பிப் போறதுக்கு முதுகெலும்பு வேணுமே."

"எங்க ஊர்த் தீமிதிக்குத் தீவு முழுக்க வருது. உங்க ஊர்ல என்ன இருக்கு?"

"தீமிதி வருஷத்துக்கு ஒரு நாள். மிச்ச நாள் என்ன பண்ணுவீங்க? ஆறு மணிக்கு விளக்க ஊதிட்டுத் தவளச் சத்தம் கேப்பீங்க. எங்க ஊர்ல ராத்திரியிலயும் தெருவுல வெளிச்சம். வாத்தியச் சத்தம் கேக்காத வாரமே இல்ல."

"வாத்தியமா, குடிகாரன் சத்தமா?"

அப்பா ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு ஊரும் தன் காலடியில் வந்து போட்டி போடுவது பெருமையாக இருந்தது. மாமா பேசிக்கொண்டே வாழையிலையில் விரலை வழித்து நக்கினார். அத்தை கைக்குட்டையில் ஊற்றி வந்திருந்த கொலோன் வாசனை, அவள் அக்குள் வியர்வையோடு கலந்து, எனக்குக் குமட்டியது. கடை எத்தனை, வண்டி எத்தனை, தையல்காரர் எத்தனை பேர், துணி எந்த ஊரில் மலிவு, மீன் எந்த ஊரில் உயிரோடு வருகிறது. ஒரு மத்தியானம் முழுக்க அதுதான். மாப்பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள். மாமா பார்த்த மாப்பிள்ளை தகர வேலைக்காரர், சொந்தப் பட்டறை. அத்தையின் மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு எதிரே துணிக்கடையில் வேலை. அக்கா என்ற ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்து எச்சில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் மாமாவின் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது, அக்கா ஒரு மாதம் செமின் கிரனியேயில் போய் இருந்தாள். திரும்பி வரும்போது ஒரு தகரக் குவளை கொண்டு வந்தாள். பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தது. வெளியே பளபளப்பு, உள்ளே பார்த்தால் அடியில் ஒரு வெள்ளைக்காரியின் தொப்பியும் அரைக் கன்னமும் தெரியும். பிடியில் இரண்டு தடவை பற்றவைத்த தழும்பு.

"ஏன் ரெண்டு தடவை?" என்று கேட்டேன்.

"மொதத் தடவ விட்டுப்போச்சு. நான் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பட்டறைக்குத் தகரக் கூரை. மழ பெஞ்சா யார் பேசுறதும் கேக்காது. சிரிச்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான்," என்றாள்.

இவ்வளவுதான் அவள் சொன்னது. பத்து வயதுக்கு அது போதும். அந்தக் குவளையில் வேறு யாரும் தண்ணீர் குடிக்க அவள் விடமாட்டாள். எனக்கு மட்டும் கேட்டால் கொடுப்பாள்.

திதி முடிந்து போகும்போது அப்பா இரண்டு பேரிடமும், யோசித்துச் சொல்கிறேன், மாப்பிள்ளை விவரம் எல்லாம் சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அத்தைக்கு ஊர் போய்ச் சேர்ந்ததும் கால் வீங்கிவிட்டது, மறுபடி வர முடியவில்லை. அதனால் கடிதம் அனுப்பினாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அந்த ஊரில் யாரோ எழுதியிருந்தார்கள். கோடு போடாத நீலத் தாள், எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. கோயிலுக்குச் சில மாதம் முன்புதான் ஒரு ஐயர் கப்பலில் வந்து இறங்கியிருந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தீவின் வெயிலும் மழையும் இன்னும் பிடிபடாமல், எப்போதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார். கிரியோல் ஒரு சொல் தெரியாது. அவர்தான் கடிதம் படிக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. மாமாவும் தன் மாப்பிள்ளைக்காகப் பேச அன்று வந்திருந்தார். நான் ஐயருக்குப் பக்கத்தில் நின்றேன். கோயிலில் அவர் நடத்திய எழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால், அவர் படிக்கப் படிக்க நானும் எழுத்தின் மேல் கண்ணை ஓட்டினேன்.

முதலில் நலம், பிறகு கால் வீக்கம், பிறகு மாப்பிள்ளை குணம். ஐயர் ராகம் போட்டுப் படித்தார். "இவ்வூரில் சனிக்கிழமை தோறும் பால் உண்டு. மாப்பிள்ளைக்குப் பால் என்றால் உயிர். எந்தச் சனிக்கிழமையும் தவற விடமாட்டார்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொருக்கா படிங்க சாமி."

ஐயர் இன்னொரு தடவை படித்தார்.

"பாத்தியா," என்றார் அப்பா அம்மாவிடம். "சனிக்கெழம தோறும் பாலாம். அப்ப அங்க பால் சந்தையே நடக்குது. எத்தன மாடு இருந்தா இது நடக்கும்? அதான் ஊரு."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏன் அத்தான், சனிக்கெழம மட்டும் கறக்குற மாடு எங்கயாவது இருக்கா?"

கேளுங்கள், அந்தக் கூடத்தில் அன்று பேசப்பட்டதிலேயே புத்தியுள்ள வார்த்தை அது ஒன்றுதான். அப்பா அதைப் பொறாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினார். மாமாவாவது அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அவருக்கு உடனே ஊர்ப் பெருமை வந்துவிட்டது. "எங்க ஊர்ல தெனமும் பால் உண்டு, வாரம் ஒரு தடவ இல்ல," என்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஐயர் தொடர்ந்தார். "பெரிய மனிதர்கள் வீட்டுப் பாலுக்கும் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் இல்லாவிட்டால் பால் சோபிக்காது என்பார்கள்." அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பெரிய மனிதர்கள் தங்கள் வீட்டுப் பாலைக் கூப்பிட்டுக் கொடுக்கிற அளவுக்கு மரியாதை உள்ள பிள்ளை.

"காலில் சூ... சூலியே..." ஐயர் நின்றார். "இது என்ன பதம்?"

"பூட்ஸு, சாமி. தோல் பூட்ஸு," என்றாள் அம்மா. "இங்க எல்லாரும் சூலியேன்னுதான் சொல்லுவாங்க."

"ஓ. காலில் சூலியே இல்லாமல் பாலுக்குப் போகமாட்டார்." ஐயர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பால் குடிக்கப் பூட்ஸ் எதற்கு என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவருக்குத் தெரியாத சொல் சூலியே. அதில் நின்று கேட்டார். பால் அவருக்குத் தெரிந்த சொல். அதில் அவர் நிற்கவில்லை.

"சுத்தம்," என்றார் அப்பா. "ரோஸ் பெல்லுல எப்பவும் மழ. மாட்டுக் கொட்டா சேறா இருக்கும். அதுக்குக்கூட பூட்ஸ் போட்டுட்டுப் போறான் பாரு."

எனக்கு அந்த இடத்தில் புரிந்துவிட்டது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கிரியோல் மதாம் இருந்தாள், தையல்காரி. அவளிடம் ஊசி கோத்துக் கொடுக்கப் போவேன். அவள் வாய் நிறைய அந்தச் சொல்தான். சனிக்கிழமைக்கு இந்தப் பாவாடை, அடுத்த சனிக்கிழமைக்கு அந்த ரவிக்கை. வயலினும் அக்கார்டியனும் வைத்து, ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுற்றுகிற ஆட்டம். ஆட்டத்துக்கும் அதே பெயர், அது நடக்கிற கொட்டகைக்கும் அதே பெயர். உதட்டை ஒட்டிப் பிரித்து, கம்பு என்பதில் வரும் ஒலி போல அதிரவிட்டு, வாழைப்பழம் உரிக்கிற மாதிரி சுலபமாகச் சொல்வாள். வெறுங்காலோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் பால் என்றுதான் எழுத முடியும். நம் எழுத்தில் மாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே ப. அத்தை ஆட்டத்தைச் சொன்னாள், எழுதியவர் சரியாக எழுதினார், ஐயர் மாட்டைப் படித்தார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கிரியோல் சொல் தெரியும். ஆனால் அவர்கள் காதால் கேட்டது ஐயரின் தஞ்சாவூர்ப் பால். தாளைக் கண்ணால் பார்த்தது நான் மட்டும்.

அடுப்படி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குவளை கையில் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

அப்போது ஐயர் கடைசி வரியைப் படித்தார். "சின்னவளுக்கும் ஒரு ஜோடி சூலியே வாங்கி வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து இங்கே வரும்போது போட்டுவிடுவேன்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பூட்ஸ் போட்டு வந்தவள் ஒரே ஒருத்தி, கணக்கப்பிள்ளை மகள். அவள் கல் தரையில் நடந்தால் வரும் சத்தத்துக்காக நாங்கள் பின்னாலேயே போவோம்.

"என்னடி, கூப்ட்ட?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

உங்களுக்கு ரோஸ் பெல் உசத்தி, செமின் கிரனியே உசத்தி என்று ஆயிரம் காரணம் இருக்கும். என்னிடம் அந்தக் காலையில் ஒரே காரணம் இருந்தது. ரோஸ் பெல்லில் எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. செமின் கிரனியேயில் இல்லை. அப்பா மாட்டை நினைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தார், நான் காலை நினைத்துத் தேர்ந்தெடுத்தேன். அவருக்காவது விஷயம் தெரியாது.

அன்று இரவு அக்கா எனக்கு அந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. வீட்டுக்கு முன்னால் மூங்கில் நட்டுப் படுதா கட்டி, தென்னங்கீற்று தொங்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார். எண்ணெய் தடவி வகிடு எடுத்த தலை, ஒல்லி உடம்பு, நடக்கும்போதே குதிகால் தரையில் படாது. வாசலில் கழற்றிவிட்ட அவர் பூட்ஸில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. செமின் கிரனியே மாமாவும் வந்திருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு.

தாலி கட்டி முடிந்தது. பால் பழம் கொடுக்க வேண்டும். அப்பா இதற்காக எங்கெங்கோ அலைந்து, நல்ல பசும்பாலாக ஒரு செம்பு நிறைய வாங்கி வந்திருந்தார். பாலுக்கு உயிரை விடுகிற மாப்பிள்ளை இல்லையா? வழக்கமாக ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வைப்பார்கள். அப்பா பெரிய டம்ளரில், ஆடையோடு, விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை அதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஒரு வாய் வைத்தார். ஆடை உதட்டில் ஒட்டிக்கொண்டு தாடையில் தொங்கியது. இன்னொரு வாய் வைத்தார். அது உள்ளே போகவில்லை. திரும்பி, பந்தல் காலுக்குப் பக்கத்தில் ஓங்கரித்தார். வாழைப்பழமும் பாலும் புது வேட்டியில் வழிந்தன. வெயிலில் அந்த நாற்றம் உடனே எழுந்தது, ஆலை நாற்றத்தோடு சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் பாயசத்தை யாராவது மூக்குக்கு அருகே கொண்டுவந்தால் அந்தப் பந்தல் கால்தான் தெரிகிறது.

அப்பா அத்தையை ஓரமாக இழுத்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா இது? பால்னா உயிருன்னு எழுதியிருந்த?"

"யாரு? பால் அவனுக்கு ஆவவே ஆவாது. சின்னதுலேர்ந்தே வயித்தப் பொரட்டும்."

"நீதான எழுதின! சனிக்கெழம தோறும் பாலு, பெரிய மனுசங்க வீட்டுப் பாலு..."

அத்தை ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. அவள் சிரித்தாள். அதுதான் எனக்கு மறக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆயோ அண்ணே! நான் எழுதினது *அந்த* பால்!" தையல்கார மதாம் சொல்வது போலவே சொன்னாள், உதட்டை ஒட்டிப் பிரித்து. இடுப்பில் ஒரு கை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றியும் காட்டினாள். "எங்க ஊர்ல அவன மாதிரி ஆடுறவன் கெடையாது. பெருமையாத்தான எழுதினேன்? நான் ஒண்ணும் மறைக்கலையே?"

அவள் மறைக்கவில்லை. அது உண்மை. அவள் கண்ணில் அது அந்த ஊரின் கலை, அந்த ஊரின் நாகரிகம். எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தாள்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். யாரைத் தேடினார் என்று நினைக்கிறீர்கள்? அக்காவையா? அவள் பத்தடி தூரத்தில், கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு, ஈரத் துணியால் புருஷன் வேட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. மாமா எங்கே இருக்கிறார் என்று பார்த்தார். மாமா பந்தியில் இருந்தார், எதுவும் கேட்டிருக்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு வந்தது.

"சத்தமாச் சிரிக்காத," என்றார் அத்தையிடம். "செமின் கிரனியேக்காரனுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும். ஊர் ஊராச் சொல்லிச் சிரிப்பான்."

அவ்வளவுதான். அன்று முதல் அவர் சாகும் வரை, மாப்பிள்ளைக்குப் பால் உயிர், அன்றைக்குக் கல்யாணக் கலவரத்தில் வயிறு சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகளைப் பெற்றவருக்கு அந்த நிமிஷம் இருந்த கவலை அது ஒன்றுதான். இதை அவர் மேல் உள்ள வெறுப்பில் சொல்லவில்லை. வெறுப்பு இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

அந்த மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும். அக்கா மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. முழங்கால் பிடித்துக்கொள்ளும் வரை ஒரு சனிக்கிழமை விடாமல் ஆடப் போனார், அவ்வளவுதான். அக்கா நாலு பிள்ளை பெற்று, வளர்த்து, அந்த ஊரிலேயே செத்தாள். அந்த ஆட்டக் கொட்டகையின் உள்பக்கத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தகரக் குவளையை எங்கள் வீட்டிலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். பின்னால் ஒரு புயலில் அடுப்படிக் கூரையோடு அதுவும் போயிற்று. செமின் கிரனியே தகரக்காரர் யாரைக் கட்டினார், எப்படி இருந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை தோற்றதில் அவருக்கு வருத்தமில்லை, ஊர் தோற்றதில்தான் வருத்தம்.

நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தது இனிமேல்தான் வருகிறது.

கல்யாணம் முடிந்து அக்காவோடு நானும் ரயிலேறி ரோஸ் பெல் போனேன். புதுப்பெண்ணுக்குத் துணையாகத் தங்கை ஒரு வாரம் இருப்பது வழக்கம். அத்தை சொன்ன வெளிச்சம் இருந்தது, கடைகள் இருந்தன, ரயில் வந்து நின்று போனது. மழையும் இருந்தது. அத்தை பூட்ஸைக் கொடுத்தாள். கறுப்புத் தோல், பக்கத்தில் இரண்டு பொத்தான். காலுக்குக் கொஞ்சம் பெரிது. நுனியில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, அன்று முழுக்க ஸ்டேஷன் வரை போய்ப் போய் வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டு, கஞ்சி போட்ட சட்டையை எடுத்தார். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கறுப்புத் தேநீர். அந்த வீட்டில் பால் வாங்குவதே இல்லை.

அவர் கண்ணாடி முன்னால் நின்றபடி, "நீயும் வர்றியா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

அக்கா முகம் மலர்ந்தது. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து நின்றாள். பிறகு அவர் கீழே பார்த்தார், அவள் காலை.

"சூலியே இல்லையே," என்றார். "வெறுங்காலோட விட மாட்டாங்க. அடுத்த தடவ பாக்கலாம்."

அவர் சட்டைப் பொத்தான் போட உள்ளே போனார். அக்கா திரும்ப உட்கார்ந்து, அவர் பூட்ஸை மடியில் எடுத்து வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நான் எதிரே மணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்த கடுதாசி. ஐயரு படிக்கும்போது நீயும் பக்கத்துல நின்னு படிச்சல்ல?"

"படிச்சேன்."

"அதுல என்னன்னு போட்டிருந்துச்சு?"

"பால்னு."

"எந்தப் பால்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, தாலி ஏறிவிட்டது. அவளுக்குத் துணையாக ஒருத்தியாவது உண்மை பேசினாள் என்று இருந்திருக்கும்.

"மாட்டுப் பால்னுதான் நெனச்சேன்," என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். முந்தைய நாள் அலைச்சலில் இரண்டு பூட்ஸிலும் ரோஸ் பெல்லின் செம்மண் சேறு கணுக்கால் வரை ஏறியிருந்தது. வெகு நேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"கழட்டு," என்றாள். "சேறா இருக்கு. தொடச்சுத் தர்றேன்."

கழற்றிக் கொடுத்தேன். அவள் அதையும் மடியில் வைத்துக்கொண்டாள். பொத்தானைச் சுற்றி, தையலுக்குள், நகத்தால் சேற்றைச் சுரண்டி எடுத்து, அதே துணியால் பளபளவென்று துடைத்தாள். பிறகு இரண்டு ஜோடியையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவ வெறுங்காலோடு மழையில் இறங்கிப் போனாள்.